பெயரைக் கொடுத்தால் கணினி முதலில் எங்கே தேடும்? ஹோஸ்ட்ஸ் கோப்பு: ஒரு செய்முறை விளக்கம்

பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடிக்கிறோம். கணினிக்கு அந்தப் பெயர் மட்டும் போதாது, ஐபி எண் (நெட்வொர்க்கில் ஒரு கணினியின் முகவரி எண்) வேண்டும். பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் அதற்கு முன்பே ஒரு வேலை நடந்துவிடுகிறது. கணினி தன்னிடமே இருக்கும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பைப் பார்க்கிறது. கேட்ட பெயர் அதில் இருந்துவிட்டால் வெளியே யாரிடமும் கேட்பதே இல்லை. அந்தக் கோப்பின் பெயர்தான் ஹோஸ்ட்ஸ். அதைத் திறந்து, நாமே ஒரு பெயரைச் சேர்த்து, சோதித்தும் பார்த்துவிடலாம்.

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸிலும் மேக்கிலும் மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

1. கோப்பைத் திறந்து பாருங்கள்

கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள் (முதல் சொல் பூனைக்கான ஆங்கிலச் சொல், 'இடிசி' என்பது இ, டி, சி மூன்று எழுத்துகள்):

கேட் /இடிசி/ஹோஸ்ட்ஸ்

மேலே இப்படி இரண்டு வரிகள் தெரியும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1 உங்கள் கணினியின் பெயர்

இடது பக்கம் எண், வலது பக்கம் பெயர், நடுவில் இடைவெளி. இலக்கணம் அவ்வளவுதான். ஒரே எண்ணுக்குப் பல பெயர்கள் வேண்டுமென்றால் அதே வரியில் இடைவெளி விட்டு எழுதிக்கொண்டே போகலாம். # குறியில் தொடங்கும் வரியைக் கணினி கண்டுகொள்ளாது.

127-இல் தொடங்கும் எண்கள் எல்லாமே 'இந்தக் கணினிதான்' என்று பொருள்படுபவை. அந்த எண்ணுக்கு அனுப்புவது நெட்வொர்க் கார்டைத் தாண்டி வெளியே போகாது, திரும்ப உங்களிடமே வரும். இரண்டாவது வரியில் 127.0.1.1 என்று வருவது டெபியன், உபுண்டு குடும்பத்தின் வழக்கம். கணினியின் பெயரை மாற்றிவிட்டு இந்த வரியை மாற்ற மறந்தவர்களுக்குத்தான், சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சொல்) போடும்போதெல்லாம் 'அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்' என்று ஒரு புலம்பல் வரும். புதுப் பெயரை இங்கேயும் எழுதிவிட்டால் அது அடங்கிவிடும்.

விண்டோஸில் இந்தக் கோப்பு சி டிரைவுக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். அங்கே லோக்கல்ஹோஸ்ட் வரியின் முன்னால் # போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பெயரை விண்டோஸின் டிஎன்எஸ் பகுதியே நேரடியாகக் கவனித்துக்கொள்கிறது.

2. ஒரு பெயரைச் சேருங்கள்

நம் பெயர் 'கடை.டெஸ்ட்' என்று இருக்கட்டும். கோப்பை நானோ என்ற எடிட்டரில் இப்படித் திறங்கள்:

சூடோ நானோ /இடிசி/ஹோஸ்ட்ஸ்

கடைசியில் ஒரு வரி:

127.0.0.1 கடை.டெஸ்ட்

கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். சேமித்தாயிற்று. மேக்கிலும் இதே வழிதான்.

விண்டோஸில் நோட்பேட் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் எல்லாம் அடித்து முடித்த பிறகு சேமிக்க விடாது. கோப்பைத் தேடும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் கண்ணில் படும். இன்னொன்று, நோட்பேட் சில நேரம் கோப்புப் பெயரின் பின்னால் சத்தமில்லாமல் டாட் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும். ஒட்டிவிட்டால் கணினிக்கு அது வேறு கோப்பு, எட்டிக்கூடப் பார்க்காது.

ஏன் டாட் டெஸ்ட்? சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட பின்னொட்டு அது, 1999 முதல் அப்படி. யாரும் அதில் உண்மையான தளம் பதிவு செய்ய முடியாது. முன்பு பலர் டாட் தேவ் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது கூகுளின் கைக்குப் போய், 2017 இறுதியில் குரோம் அந்தப் பின்னொட்டு முழுவதற்கும் ஹெச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) கட்டாயம் என்று ஆக்கியதும் அந்த உள்ளூர்த் தளங்கள் திறக்காமல் போயின. டாட் டெஸ்ட் பார்க்க அழகில்லைதான், ஆனால் நாளைக்கு யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா? டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றனவே! இருக்கின்றன. ஆனால் பிரவுசர் அவற்றை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிவிட்டுத்தான் தேடும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த மாற்றிய வடிவத்தைத்தான் எழுத வேண்டும். இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

3. சோதித்துப் பாருங்கள்

கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கடை.டெஸ்ட்

முதல் சொல்லில் 'கெட்' என்பதோடு இ, என், டி மூன்றும் ஒட்டி வரும். பதிலாக 127.0.0.1 வந்தால் சரி. விண்டோஸிலும் மேக்கிலும் பிங் கடை.டெஸ்ட் என்று அடித்தால் போதும், எண் அதிலேயே தெரியும்.

இப்போது பிரவுசரில் திறந்தால் 'இணைக்க முடியவில்லை' என்று வரலாம். நம் வரி சரிதான். பெயருக்கு எண் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த எண்ணில் கதவைத் திறக்க ஆள் இல்லை. ஒரு காலி ஃபோல்டருக்குள் போய் இந்தச் சின்ன வெப் சர்வரை ஓட்டுங்கள்:

பைத்தான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000

பிரவுசரில் ஹெச்டிடிபி முன்னொட்டோடு கடை.டெஸ்ட்:8000 என்று கொடுத்தால் ஃபோல்டரின் பட்டியல் வரும். 8000 என்ற போர்ட் எண்ணை (ஒரு கணினியில் எந்தச் சேவை என்று காட்டும் எண்) ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுத முடியாது, அங்கே எண்ணும் பெயரும் மட்டும்தான். காலி ஃபோல்டர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபயர்வால் தடுக்காவிட்டால் அதே வைஃபையில் இருப்பவர்களும் உங்கள் ஐபி எண் வழியாக அதைப் பார்க்க முடியும். முடிந்ததும் கன்ட்ரோல் சி.

4. யாரை முதலில் கேட்பது?

இந்த வரிசையை லினக்ஸில் ஒரு கோப்பு முடிவு செய்கிறது. /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்பது அதன் பெயர், அதில் எஸ் இரண்டு முறை வரும். உபுண்டு டெஸ்க்டாப்பில் அந்தக் கோப்பின் ஹோஸ்ட்ஸ் வரி பொதுவாக இப்படி இருக்கும்:

ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் எம்டிஎன்எஸ்4_மினிமல் [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்] டிஎன்எஸ்

இடமிருந்து வலமாகப் படியுங்கள். 'ஃபைல்ஸ்' என்பது நம் ஹோஸ்ட்ஸ் கோப்பு. அடுத்தது எம்டிஎன்எஸ், டாட் லோக்கல் என்று முடியும் பெயர்களை மட்டும் கவனிப்பது. இதற்கு சர்வர் கிடையாது. 224.0.0.251 என்ற பொது எண்ணுக்கு, 5353-ஆம் போர்ட்டில், 'இந்தப் பெயர்க்காரர் யார்?' என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். அந்தப் பெயருள்ள கருவியே பதில் சொல்லும். பிரிண்டர்கள் தாமாகவே கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆப்பிள் இதை போன்ஷூர் என்கிறது, லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது அவாஹி.

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் பலரை மண்டை காய வைப்பது. டாட் லோக்கல் பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடு, டிஎன்எஸ்ஸுக்குப் போகாதே என்று அது சொல்கிறது. அலுவலகத்தில் உள் சர்வர்களுக்கு டாட் லோக்கல் பெயர் வைத்திருந்தால், விண்டோஸ்காரர்களுக்குத் திறக்கும் தளம் லினக்ஸ்காரருக்கு மட்டும் திறக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோப்புக்கு ஏன் முதல் மரியாதை? வயதில் மூத்தது அதுதான். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகாமல் போகவே, 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

5. மாற்றியும் வேலை செய்யவில்லையா?

முதல் சந்தேகம் கேஷ் மேல், அதாவது முன்பு கிடைத்த பதிலைக் கணினி சேமித்து வைத்திருப்பது. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்கள். பிரவுசரும் தனியாக ஒரு கேஷ் வைத்திருக்கும், முழுதாக மூடித் திறந்தால் போதும்.

இரண்டாவது, எழுத்துக் கணக்கு. முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்தால் அது வேறு பெயர், அதையும் எழுத வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப்பெயர்களையும் ஒரே அடியாகப் பிடிக்க இந்தக் கோப்பில் வழியில்லை.

மூன்றாவது, தப்பான கருவியை வைத்துச் சோதிப்பது. விண்டோஸிலும் மேக்கிலும் என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். கோப்பு சரியாக இருந்தும் 'பெயர் இல்லை' என்றுதான் சொல்லும். உபுண்டுவில் வேடிக்கையாக அதே கருவி சரியான பதிலைத் தரும். அங்கே அது கேட்பது 127.0.0.53-இல் உள்ள சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற இடையாளை, அந்த இடையாள் ஹோஸ்ட்ஸைப் படித்து வைத்திருக்கிறது. அதனால் கெட்என்ட்டையும் பிங்கையும் நம்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் போனில் மட்டும் கடை.டெஸ்ட் திறக்காது. நீங்கள் எழுதியது இந்த ஒரு கணினியின் கோப்பில்தான், போனுக்கு அது தெரியாது. அவாஹி ஓடுகிற உபுண்டு என்றால் போனில் கணினியின் பெயரோடு டாட் லோக்கல் சேர்த்து, 8000-ஐயும் போட்டுப் பாருங்கள். ஐபோனில் திறக்கும். பழைய ஆண்ட்ராய்டுகளில் திறக்காது, அங்கே ஐபி எண்ணை நேராக அடிப்பதுதான் வழி.