கொடை இரவுகளைத் தொலைக்காமல் இருக்க: வானொலிப் பதிவுகளைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் குமரி மாவட்டத்து ஊர்களில் வில்லுப்பாட்டு இல்லாமல் கொடை என்னும் கோயில் திருவிழா நிறைவதில்லை. தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை எடுப்பார். குடமும் உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்துகொள்ள, கதை விடியும்வரை நீளும். சமுதாய வானொலிக்காக இந்த இரவுகளைப் பதிவு செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எங்கள் கைக்கு வந்தும் நாங்களே இழந்த பதிவுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஒலிபரப்புக்கு எது போதுமோ, அதுவே காத்துவைப்பதற்கும் போதும் என்று நம்பியிருந்தோம். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து முளைத்தவை.

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கான அரசு விதி. குறைந்தபட்சக் கடமையாக விதித்ததை, மூன்று மாதம் கழிந்தால் அழித்துவிடலாம் என்று நாம் படித்துக்கொள்கிறோம். இந்த விதிக்காக ஒலிபரப்பிலிருந்து கணினியில் தானாகப் பதிவாகும் கோப்பையே சேமிப்பு என்று எண்ணுவது இன்னொரு பிழை. பண்பலையில் ஏறும்போது 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வெட்டப்படுகிறது. வில்லில் கோத்த மணிகளின் மெல்லிய சிணுங்கல் அங்கேயே தேய ஆரம்பிக்கிறது. காக்க வேண்டியது கொடைப்பந்தலில் பிடித்த மூலப் பதிவை.

அந்த மூலத்தை நம் கையாலேயே அழிப்பதுதான் பெரும் கொடுமை. எட்டு மணி நேரக் கதையை அரை மணி நிகழ்ச்சியாக வெட்டுகிறோம். டிஸ்கில் இடம் இல்லை என்று மீதியைத் தூக்கிப் போடுகிறோம். உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற தரத்தில், சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. ஒரு முழு இரவுக்கு எட்டு ஜிபிக்குச் சற்று மேல். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் நூற்றுக்கும் மேற்பட்ட இரவுகள் அடங்கிவிடும். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) வடிவம் இருக்கிறது. எம்பி3 கேட்பதற்கும் பகிர்வதற்கும் போதும். மூலமாக அதை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதில் ஒருமுறை விட்டுப்போன ஒலி திரும்பி வராது. திறந்து வெட்டி மீண்டும் எம்பி3 ஆகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலத்தின்மேல் ஓட்டுவதும் இதே வகைதான். ஜால்ராவின் நீண்ட அதிர்வையும் வில்மணியின் ஒலியையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். பந்தலில் எழும் குலவையும் கதை கேட்கிற பாட்டி போடும் ‘உம்’மும் அந்த இரவின் பகுதிகள். சுத்தப்படுத்த வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள்.

பாட்டு பத்திரமாக இருந்தும் யார் பாடியது, எங்கே, எப்போது என்று தெரியாமல் போவதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த கேசட்டுகளில் ஒன்றின் உறையில் ‘72 பங்குனி’ என்று எழுதியிருந்தது. 1972 என்று பதிந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் கொடை அழைப்பிதழில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, போடுகிற வழக்கம் உண்டு. அது ஆவணியில் பிறக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, பங்குனி, சித்திரை என்றால் 825 கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824. அந்த 72, கொல்லம் 1172. ஆக, பாட்டு 1997-இல் பாடப்பட்டது. அண்ணாவியின் குரலில் முதுமை தெரிகிறதே என்று அவருடன் குடம் அடித்த பெரியவர் ஒருவர் சொன்ன பிறகுதான் இது விளங்கியது. அவர் இல்லையென்றால் இருபத்தைந்து ஆண்டுப் பிழை அப்படியே நிலைத்திருக்கும்.

அன்றிலிருந்து பதிவைத் தொடங்கும்போதே மைக்கில் கோயில், ஊர், ஆங்கிலத் தேதி, கொல்லம் ஆண்டு, அண்ணாவி பெயர், பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவர் பெயர், பாடப்போகும் கதை எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுகிறோம். தாள் தொலையலாம், கோப்பின் பெயர் மாறலாம். குரலில் சொன்னது பாட்டோடு போகும். சுடலைமாடன் கதை என்று மட்டும் எழுதினால் போதாது. ஊருக்கு ஊர், அண்ணாவிக்கு அண்ணாவி அது மாறும்.

நீண்ட பதிவுகளில் இன்னொரு சிக்கல்: வேவ் கோப்பு நான்கு ஜிபியைத் தாண்டாது. பல ரெக்கார்டர்கள் அதற்கு முன்பே கோப்பை உடைத்து அடுத்ததைத் தொடங்கிவிடும். துண்டுகளுக்கு இஷ்டம்போல் பெயர் வைத்தால் கதையின் நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும். கார்டிலிருந்து எடுத்த வரிசையிலேயே எண்ணிட்டு, ஒரே கோப்புறையில் வையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நகல், அவற்றில் ஒன்று வேறு ஊரில். இரண்டு பருவமழையும் பெய்கிற, உப்புக்காற்று அடிக்கிற மாவட்டம் இது. ஒரே அலமாரியில் இருக்கும் மூன்று டிஸ்கும் ஒன்றாகவே நனையும். பென்டிரைவில் போட்டு வருடக்கணக்கில் மேசையறையில் விடாதீர்கள். பூஞ்சை பிடித்த கேசட்டைப் பார்த்த ஆவலில் உடனே ஓட விடாதீர்கள். பூஞ்சை மற்ற நாடாக்களுக்கும் தொற்றும்.

அனுமதி விஷயத்திலும் தவறுகிறோம். வானொலியில் போட அண்ணாவி சம்மதித்தது, இணையத்தில் ஏற்றவும் சம்மதித்ததாக ஆகாது. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கு ஐம்பது ஆண்டு உரிமை தருகிறது. அதற்கும் மேலாக, சாமி வந்து ஆடும் பகுதியை வெளியே கேட்கவிடக் கூடாது என்று சில கோயில் குடும்பங்கள் சொல்கிறார்கள். அந்தப் பகுதியைப் பொதுநகலில் எடுத்துவிட்டு மூலத்தில் வைத்திருக்கிறோம். எதனால் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

இப்போது மாதம் ஒருமுறை ஒரு பழைய கேசட்டின் நகலை எடுத்துக்கொண்டு, குடம் அடித்த அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகிறோம். அவர் கேட்டுக்கொண்டே உடுக்கை யார், பின்பாட்டு யார் என்று சொல்கிறார். அவர் சொல்வதையும் பதிவு செய்கிறோம்.