குதிரைக்குத் தீவனம் அளந்து கொடுப்பது எப்படி?

குதிரைக்குத் தீவனம் அளக்கும் முன்பு அதன் வயிறு எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய உடலுக்கு இரைப்பை மிகச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அந்த இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ குதிரை மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. ஆகவே நெடுநேரம் புல்லின்றிக் கட்டிவைக்கப்படும் குதிரைக்கு இரைப்பைப் புண் வருவதில் வியப்பில்லை. புல்லின் நார்ச்சத்தைச் செரிக்கும் வேலை குடலின் பின்பகுதியில், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. குதிரைக்குத் தீனி போடுகிறவர் உண்மையில் இந்த நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே தீனி போடுகிறார்.

எனவே கணக்கு எப்போதும் புல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குக் குதிரையின் எடை தெரிய வேண்டும். எடைமேடை இல்லாதவர்கள் அளவுநாடாவைக் கொண்டே ஓரளவு நெருங்கிய மதிப்பைப் பெறலாம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை உடலின் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வரும் தொகையை 11,880ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் எடை 450 கிலோ. இந்த முறை வளர்ந்த குதிரைகளுக்கே பொருந்தும். குட்டிகளுக்கும் சினைக் குதிரைகளுக்கும் பொருந்தாது.

நாள்தோறும் உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை, நீர்ச்சத்து நீங்கிய கணக்கில், புல்வகைத் தீவனம் உள்ளே போக வேண்டும். 450 கிலோ குதிரைக்கு 2 விழுக்காடு என்பது 9 கிலோ. உலர்புல்லிலும் சிறிது ஈரம் இருப்பதால் அது சுமார் 10 கிலோ உலர்புல்லாகும். பசும்புல்லில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் அதே சத்துக்கு நான்கைந்து மடங்கு எடை தேவைப்படும். இதை ஒரே வேளையில் குவித்துப் போடாமல், இரவிலும் வாய்க்கு ஏதேனும் கிடைக்கும்படி பிரித்துப் போடுவது நல்லது. பூஞ்சணம் பிடித்த புல்லைக் கழித்தே தீர வேண்டும். கெட்ட பகுதியை மட்டும் உதறிவிட்டு மீதியைப் போடுவது சிக்கனமல்ல. பூஞ்சணமில்லாத, தூசு மட்டும் மிகுந்த புல்லை நனைத்துக் கொடுத்தால் நுரையீரலுக்குத் தீங்கு குறையும். வெறும் மணல் தரையில் புல்லைப் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்க் குடலில் தங்கும்.

நல்ல புல் மட்டுமே தின்று, இலேசான வேலை செய்யும் பெரும்பாலான குதிரைகளுக்குத் தானியமே தேவையில்லை. இதைச் சொன்னால் பலர் ஏற்பதில்லை. வாளி நிறையத் தானியம் வைப்பதையே பரிவின் அடையாளமாகக் கருதுகிறார்கள். கடும் உழைப்பு, பால் கொடுக்கும் காலம், வளரும் பருவம் ஆகியவற்றில் புல்லால் ஈடுகட்ட முடியாத குறைக்கு மட்டுமே ஓட்ஸ், பார்லி, மக்காச்சோளம் போன்றவை துணைநிற்க வேண்டும். அப்போதும் ஒரு வேளைக்கு உடல் எடையில் 0.5 விழுக்காட்டை, அதாவது நம் 450 கிலோ குதிரைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேலான அளவை, தாண்டக் கூடாது. சிறுகுடலில் செரிக்காமல் வழிந்துபோகும் மாவுச்சத்து பின்குடலை அடைந்து மிக வேகமாகப் புளிக்கிறது. லாக்டிக் அமிலம் பெருகி, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுகள் இரத்தத்தில் கலப்பதால், வயிற்றுவலியோடு நில்லாமல் குளம்பழற்சியும் வரக்கூடும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால், உள்ளே போனதைத் திருப்பி எடுக்க வழியில்லை. தானியத்தைக் கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும் என்பதற்கும் காரணமுண்டு: ஒரே கிண்ணத்தில் மக்காச்சோளம் தரும் ஆற்றல் ஓட்ஸ் தருவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

எந்தத் தீவனத்தை மாற்றினாலும், புதிய கட்டு உலர்புல்லாகவே இருந்தாலும், பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து 7 முதல் 14 நாட்களில் மாற்றுங்கள்.

தவிட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குதிரை விரும்பித் தின்னும் என்பதற்காக அதை நாள்தோறும் அள்ளிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. ஒன்றரை முதல் இரு மடங்கு இருப்பது நல்லது. இந்த விகிதம் நெடுநாள் தலைகீழானால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கி, முக எலும்புகள் வீங்கிப் போகும். கால்சியம் மிகுந்த குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப்பயிரை அளவோடு சேர்ப்பது இக்குறையை ஓரளவு சரிசெய்யும்.

தண்ணீர் எப்போதும் தூய்மையாக, தடையின்றிக் கிடைக்க வேண்டும். சாதாரண நாளில் 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும், வெயிலிலும் வேலையிலும் இன்னும் கூடும். உப்புக்கட்டி ஒன்றை லாயத்தில் வைத்துவிடலாம். செலினியம் கலந்த சத்துப்பொடிகளை மட்டும் ஒன்றுக்கு மேல் சேர்க்க வேண்டாம், ஏனெனில் அது சற்று மிகுந்தாலும் நஞ்சாகும்.

கொடுக்கும் அளவு சரிதானா என்பதை விலாவைத் தடவிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். டான் ஹென்னகேயின் குழுவினர் 1983இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலில் 5 என்பது நடுநிலை: விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு எளிதில் தட்டுப்படும். போதிய தீவனம் இருந்தும் குதிரை மெலிந்தால், தீவனத்தைக் கூட்டும் முன் பற்களையும் குடற்புழுவையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரைக்கு எட்டாத தனியிடத்தில் வையுங்கள். அவற்றில் சிலவற்றில் கலக்கப்படும் மோனென்சின் என்ற மருந்து சிறிதளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொல்லும். தின்றுவிட்டது என ஐயம் எழுந்தால் அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அழைத்து, அந்தத் தீவனப் பையையும் அவரிடம் காட்டுங்கள்.