முழுக்கோதுமை மாவு கசந்தது: காரணம் தெரிந்தது

தினசரிச் சாப்பாட்டில் மைதாவை விட்டு முழுக்கோதுமைக்கு மாறியிருந்தோம். கொஞ்ச நாளில் ரொட்டி லேசாகக் கசக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் தட்டை ஒதுக்கினார்கள். தவிடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தண்ணீரை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், மாவைச் சலித்தும் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பச்சை மாவை ஒரு சிட்டிகை வாயில் போட்டு மெதுவாக மென்றேன். முதலில் இனித்தது. சில நொடி கழித்துத் தொண்டையில் காறியது. நல்ல மாவு அப்படிக் காறாது. ஆக, கோளாறு சமையலில் இல்லை.

முழு தானியத்தின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது. அரைத்தபின் காற்றும் நொதிகளும் அதைச் சிதைத்துவிடும், அதனால்தான் பழைய மாவு கசக்கிறது. மைதாவில் முளையும் தவிடும் நீக்கப்பட்டிருப்பதால் அது நெடுநாள் தாங்கும்.

புது மாவு வாங்கியும் கசப்பு முழுதாகப் போகவில்லை. டப்பா மூடியின் திருகு வரிகளில் பழைய மாவு பழுப்பாக ஒட்டியிருந்தது! வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தேன்.

இப்போது சிறிய அளவில்தான் வாங்குகிறேன். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கிறேன். அங்கே சுமார் 6 மாதம் தாங்கும். தேவையானதை அள்ளியதும் டப்பாவை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் படிந்து மாவு கட்டி தட்டும். கசப்பு அடியோடு போய்விட்டது, பெரிய நிம்மதி.