தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்கும் வளமையத்திற்கும் இணையக் கல்வி வளங்களைக் கொண்டுவரும் முறை

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வளமையத்தின், அதாவது பள்ளி நூலகத்தின், பொறுப்பாசிரியராக இருக்கும் நான், நான்காம் ஆண்டு அறிவியல் பாடத்தில் ஒரு காணொளியை இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிட்ட நாளை இன்றும் மறக்கவில்லை. பிள்ளைகள் திரையைப் பார்த்துக் காத்திருக்க, படம் இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை ஓடத் தொடங்கியபோது நடுவில் விளம்பரம் வந்தது. முப்பது நிமிடப் பாடவேளையில் பாதி கரைந்துபோனது. அன்று முதல், பதிவிறக்க அனுமதியுள்ள வளமாகத் தேர்ந்து, அதை முழுமையாகப் பார்த்து, கணினியில் சேமித்து, வகுப்பறைப் புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிச் சோதித்த பிறகே பாடத்திற்குக் கொண்டுசெல்கிறேன். இங்கே எழுதியிருப்பவை அனைத்தும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

முதலில் கலைத்திட்ட ஆவணத்தைத் திறந்து, கற்பிக்கப்போகும் கற்றல் தரத்தை (மாணவர் அடைய வேண்டிய திறனை) ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தரத்தை மாணவர் அடைவதற்கு எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடத்திற்கு உதவும் வளத்தை மட்டும் தேடினால் போதும். எடுத்துக்காட்டாக, பின்னங்களில் பகுதி எண் பெரிதானால் பங்கு சிறிதாகும் என்பது பல பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் உருவகப் பயிற்சிகளில், அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் பயிற்சிகளில், வட்டத்தை மாணவரே துண்டுபோட்டு நிரப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு பயிற்சியையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கிக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாமலே உலாவியில் இயங்கும். எல்லாப் பயிற்சிகளுக்கும் தமிழாக்கம் கிடைப்பதில்லை என்பதால், மொழிப் பட்டியலை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

நம் பள்ளிகளுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இணையத்தில் கிடைக்கும் தமிழ் வளங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உருவானவை. நாம் ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கை நூல்கள் ஒளித்தொகுப்பு என்கின்றன. வேதியியல் அங்கே இரசாயனவியல் ஆகிறது. பெரிய எண்களைக் கற்பிக்கும்போது, தமிழ்நாட்டுப் பயிற்சித்தாளில் 1,00,000 என்று காற்புள்ளி விழும் இடமும், நம் பாடநூலில் 100 000 என்று இடைவெளி விழும் இடமும் வேறாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒருமுறை நான் உரக்கப் படித்த கதையில் ஒரு சிறுவன் பள்ளிக்குப் போகுமுன் "டிபன்" சாப்பிட்டான். "டிபன்னா என்ன டீச்சர்?" என்று முன்வரிசை மாணவி கேட்டாள். "காலையில பசியாறுவோம்ல, அதுதாம்மா" என்றதும் முகம் தெளிந்தது. இத்தகைய சொற்களை முன்கூட்டியே அடையாளங்கண்டு கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால், தடையாக இருந்தது சொல்வளப் பாடமாகிவிடும். ஆகவே, சொல் வேறுபடுகிறது என்பதற்காக நல்ல வளத்தைத் தள்ளிவிடாதீர்கள்; ஆனால் எண்முறை வேறுபடும் பயிற்சித்தாளை மாற்றி எழுதாமல் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

வாசிப்புக்கு நான் முதலில் போகும் இடம், இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் கதைத்தளம். அங்குள்ள கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கின்றன. மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் அச்சிடலாம், திருத்தலாம். பயனர்களே மொழிபெயர்த்துச் சேர்க்க முடியும் என்பதால் தரம் கதைக்குக் கதை மாறும்; ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நாக்கு இடறும் வாக்கியங்கள் உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். தேர்ந்த கதைகளைக் கையேடாக அச்சிட்டு, தைத்து, நூலக எண் ஒட்டி அலமாரியில் வையுங்கள். இணையத்தில் கண்ட கதை கைக்கு வந்ததும் அதைப் பிள்ளைகள் இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

மேல் வகுப்பு மாணவருக்கும் ஆசிரியருக்கும், தமிழ் இலக்கியங்களை மின்னூலாகத் தரும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உதவும். பழைய கோப்புகளிலிருந்து பத்தியை நகலெடுக்கும்போது எழுத்துகள் சிதைந்து வந்தால், அது யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவால் நேர்வது. யூனிகோடுப் பதிப்பைத் தேடி எடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதாலேயே ஒன்றை நகலெடுத்துப் பரப்ப உரிமை உண்டு என்று கருதிவிடக் கூடாது. நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நூலாசிரியர் மறைந்த பின்னும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. எனவே, ஒவ்வொரு வளத்திலும், பிறர் பகிர்ந்துகொள்ள உரிமையாளரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறியைத் தேடுங்கள்; வணிக நோக்குக்கு அனுமதியில்லை, மாற்றக் கூடாது போன்ற நிபந்தனைகளையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறியே இல்லாத பாடநூலை முழுதாக வருடி (ஸ்கேன் செய்து), பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள்.

கணக்கு தொடங்கச் சொல்லும் தளங்களில் கவனம் தேவை. நம் மாணவர்கள் 13 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களைச் சொந்த மின்னஞ்சலில் பதியச் சொல்லாமல், கல்வியமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தின் கணக்கையே பயன்படுத்துங்கள். கணக்கே வேண்டாத வளம் கிடைத்தால் அதுவே மேலானது.

இனி வளமையத்தின் வேலை. ஒவ்வொரு வளத்திற்கும் தலைப்பு, முகவரி, உரிமம், கற்றல் தரம், சேமித்த கோப்பின் பெயர், கடைசியாகச் சோதித்த நாள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பதிவை விரிதாளில் எழுதுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால், ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது அவர் தேடித் திரட்டியதும் அவரோடு போய்விடும். மாணவர் திறன்பேசி கொண்டுவர அனுமதியில்லாத பள்ளியில் அலமாரி முழுதும் கியூஆர் குறியீடு ஒட்டுவதால் பயன் குறைவு. அதைவிட, வளமையக் கணினியில் ஆண்டு வாரியாகக் கோப்புறை அமைத்து, நூலகக் கண்காணிப்பாளர்களான மாணவர்களுக்கு அதைத் திறந்து காட்டப் பழக்குங்கள். இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்தால், இணைப்பு அறுந்த நாளிலும் தேடல் பயிற்சி நடக்கும்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் இரண்டு கண்காணிப்பாளர்களை அமர்த்தி, விரிதாளிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்காதவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசிவைத்தால், புதிய ஆண்டின் முதல் வாரத்திலேயே மாற்று வளம் தேடிவிடலாம்.