பத்திரமாக வைத்தே பாழாகும் மோனாகுலர்

புதிதாக மோனாகுலர் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கைத் தொலைநோக்கி) வாங்கியவர்களுக்கு ஒரே பயம்தான்: கை தவறிக் கீழே போட்டுவிடுவோமோ. நியாயமான பயம். ஆனால் புதுச்சேரி, கடலூர் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில், நான் பார்த்தவரை, விழுந்து உடைந்ததைவிட பீரோவுக்குள் பத்திரமாக இருந்தே கெட்டதுதான் அதிகம். உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, துணிகளுக்கு நடுவே செருகி வைப்பார்கள். அடுத்த சீசனுக்குப் பறவை பார்க்க ஊசுட்டேரிக்கு எடுத்துப் போய்க் கண்ணில் வைத்தால் கூழைக்கடாவும் மங்கல், கரையும் மங்கல். “சீனா சரக்கு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்கள். பாவம், சரக்கின் மேல் தப்பில்லை.

நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டுகிறது. வலசைப் பறவைகள் ஊசுட்டேரிக்கும் கடலூர்ப் பக்கம் பெருமாள் ஏரிக்கும் வருவதும் அந்த நாட்களை ஒட்டித்தான். கருவி அதிகமாக வெளியே போய் வரும் மாதங்களில்தான் காற்றிலும் ஈரம் அதிகம். நனைந்த புல்லில் நடந்து, பனி படிந்த கருவியோடு வீடு திரும்பி, அந்த ஈரத்தோடேயே மூடி கவிழ்த்து உறைக்குள் தள்ளினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் விரல் எண்ணெயும் இமைப் பிசுக்கும் தூசியும்தான் அதற்குச் சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் மெல்லிய இழைகளாகப் படர ஆரம்பிக்கும். படரும்போது அது வெளிவிடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கிறது. இழைகளைத் துடைத்து எடுத்துவிடலாம். அரித்த தடம் போகாது.

கூடவே இலவசமாக வரும் உறை வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும். அதிலேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் உறை என்றால் இன்னும் மோசம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தானும் பூஞ்சை பிடிக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று பலர் தனியாகக் காசு கொடுத்து அதை வாங்குகிறார்கள்.

பீரோவில் இன்னொரு ஆபத்து அந்துருண்டை. பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்துருண்டையில் உள்ள நாப்தலின் திடப்பொருளாக இருந்து நேராக ஆவியாகும், பிறகு வேறொரு பரப்பில் போய் மறுபடி படியும். அந்தப் பரப்பு உங்கள் லென்ஸாகவும் இருக்கலாம். சில வகை பிளாஸ்டிக்கை அது இளக்கவும் செய்யும்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் பழக்கத்தில் மோனாகுலரையும் அரிசி டப்பாவில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அரிசித் தூசி ஃபோகஸ் வளையத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாவுச்சத்து பூஞ்சைக்குப் பிடித்த சாப்பாடும்கூட. அரிசி சோற்றுக்கு இருக்கட்டும்.

வேண்டியது ரொம்ப எளிது: ரப்பர் விளிம்பு வைத்த, அழுத்தி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்த குட்டிப் பொட்டலங்கள் பிரயோஜனமில்லை, அவை எப்போதோ ஈரம் குடித்து முடித்தவை. நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதை நம் ஊர் வெயிலில் காயவைத்தால் போதாது, நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சமையல் சட்டியில் மட்டும் வறுக்காதீர்கள். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, வயிற்றுக்குள் போகக் கூடாதது. இதற்கென்று பழைய சட்டி ஒன்றை ஒதுக்கி, சிறு தீயில், ஜன்னலைத் திறந்து வைத்துச் சூடாக்கலாம். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. அதைக் காட்டும் சிறிய மீட்டரும் அதிக விலை இல்லை. மின்சாரத்தில் ஓடும் ஈரம் நீக்கும் அலமாரிகளும் கிடைக்கின்றன. ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கரண்ட் என்ன ஆனது என்று நினைவிருப்பவர்கள் டப்பாவையே விரும்புவார்கள்.

வெளியே போய் வந்த அன்று நேராக டப்பாவிலும் போட வேண்டாம். மூடிகளைக் கழற்றி, ஃபேன் ஓடும் அறையில் ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் வையுங்கள்.

சட்டை நுனி

அடுத்தது, துடைப்பது. துடைக்காமல் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்டது அதிகம் என்று தைரியமாகச் சொல்லலாம். கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸில் மெல்லிய படலம் படியும். அதில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கிறது: உப்பு, மணல் தூள். உப்பு மென்மையானது, கடினத்தன்மை அளக்கும் மோஸ் அளவுகோலில் இரண்டரைக்குள்தான் வரும். மணலில் உள்ள குவார்ட்ஸோ 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை, ஆறுதான். ஆக, சட்டை நுனியையோ துப்பட்டாவையோ வைத்து ஒரு சுற்று சுற்றினால் மணல் தூள் கண்ணாடியைக் கீறும். கண்ணாடிக்கு மேலுள்ள மெல்லிய பூச்சுக்குக் கேட்கவே வேண்டாம்.

உப்பு கீறாது என்பதால் அதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசியுமே, அதேதான் இங்கும் நடக்கிறது. பகலில் காய்ந்த மாதிரி இருக்கும் படலம் ராத்திரியில் ஈரமாகிறது. திருகாணிகளும் உலோக வளையமும் இப்படித்தான் உள்ளூரத் துருப்பிடிக்கின்றன.

சரி, எப்படித் துடைப்பது? முதலில் லென்ஸைத் தரை பார்க்கத் திருப்பிப் பிடித்து, ரப்பர் ஊதுகுழலால் நாலைந்து முறை காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய பிரஷ், நடுவிலிருந்து வெளியே, அழுத்தமில்லாமல். இதற்குப் பிறகும் படலம் தெரிந்தால் மட்டும் லென்ஸ் துடைக்கும் திரவம். அதை லென்ஸ் மேல் சொட்ட வேண்டாம். ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு விட்டு, துணியின் எடையே போதும் என்கிற அளவில் நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே விளிம்புக்கு வாருங்கள். விளிம்பில் அழுக்குக் கோடு ஒன்று சேர்ந்து நிற்கும். துணியின் சுத்தமான மூலையை மடித்து அதை ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தோடு மறுபடி நடுவுக்குப் போனால் பட்ட பாடெல்லாம் வீண். ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம், சானிடைசர், சென்ட் எதுவும் இதன் பக்கம் வரக் கூடாது.

கண் வைக்கும் பக்கத்துக்குத்தான் அதிக கவனம் தேவை. பலர் முன் லென்ஸையே தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். 8×25 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகும், முன் லென்ஸின் விட்டம் 25 மில்லிமீட்டர். இருபத்தைந்தை எட்டால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவே. கண் பக்க லென்ஸில் ஒளி அத்தனை குறுகலாக வருவதால், அங்கே ஒட்டிய ஒரு விரல் ரேகை கற்றை முழுவதையும் மறைத்துவிடும். முன் லென்ஸில் அதே ரேகை இருந்தால் அவ்வளவாகத் தெரியாது.

எங்கே வைத்துக்கொள்வது

சட்டைப் பையில் வைப்பது சுலபம். குனிந்தால் விழும், அதுதான் பிரச்சினை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அலை தடுக்கப் போட்டிருக்கும் கருங்கற்கள் பக்கம் எட்டிப் பார்க்கும்போது விழுந்தால், உடையாவிட்டாலும் அந்த இடுக்கில் கையை விட்டு எடுக்க முடியாது. பேன்ட் பையில் வைப்பவர்கள் சாவியையும் சில்லறையையும் அதே பையில் போடாமல் இருந்தால் சரி. பையின் அடித்தையலில் எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும், அதை உதறிவிட்டுப் போடுங்கள்.

நம் ஊர்க்காரர்களின் பிரதான பாதுகாப்புப் பெட்டகம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள டிக்கி. மோனாகுலருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. கீழே என்ஜின் சூடு, மேலே வெயில் சூடு, நடுவே ஸ்பேனரோடும் மழைக்கோட்டோடும் உருண்டு வரும். சூட்டில் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் இளகிப் பரவும், ரப்பர் உறையின் பசை விடும், அதிர்வில் திருகாணி தளரும். கார் டாஷ்போர்டும் இதில் சேர்த்திதான்.

ஒரு நல்ல அடி வாங்கினால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான ப்ரிசம் இம்மி நகரும். பைனாகுலரில் இது உடனே தெரிந்துவிடும், உருவம் இரண்டாகத் தெரிந்து தலை வலிக்கும். மோனாகுலரில் ஒரே குழாய் என்பதால் இரட்டை உருவம் வராது. ஒரு பக்கம் மட்டும் கூர்மை குறைந்திருக்கும், நாமும் கண்ணுக்குப் பவர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். விழுந்த பிறகு தூரத்துக் கடைப் பலகை எழுத்தை ஓரத்துக்கு ஓரம் பார்த்துச் சோதியுங்கள்.

படகில் போகும்போது கயிறு கட்டாயம். கழுத்தில் நீளமாகத் தொங்கவிட்டால் ஆடிப் படகு விளிம்பில் மோதும். பிச்சாவரத்தில் துடுப்புப் படகுக்காரர் ஒருவர் ஏறின உடனே சொன்னார்: “கயித்த சுருக்கிக் கட்டுங்க சார், உள்ள பூந்து போறப்ப கிளை இழுத்துடும்.” அந்தக் குறுகலான வாய்க்கால்களில் தண்ணீர் ஆழம் அதிகமில்லை, ஆனால் அடியில் சேறு, விழுந்தது விழுந்ததுதான். நெஞ்சு உயரத்துக்குச் சுருக்கிய கயிறு, அல்லது மணிக்கட்டில் வளையம், இரண்டில் ஒன்று போதும்.

பிச்சாவரம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. கிளை ஒடிந்தால் வெள்ளைப் பால் வரும், அது கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து தற்காலிகமாகப் பார்வையே போகலாம். எந்த மரம் என்று தெரியாமல் கிளையை விலக்கிய கையோடு மோனாகுலரின் கண் ரப்பரைத் தொட்டால், அந்தப் பால் நேராகக் கண்ணுக்கு வரும். கிளையை ஒரு கை விலக்கட்டும், கருவியை மறு கை பிடிக்கட்டும். கொசு விரட்டும் களிம்புக்கும் இதே கதை. டீட் என்ற ரசாயனம் கலந்த களிம்பு பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில் கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு “உள்ள தண்ணி பூந்துடுச்சு” என்று பதறுகிறவர்களும் உண்டு. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, அவ்வளவே. துடைத்தால் மறுபடி படியும். பைக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். உள்பக்கக் கண்ணாடியில் படிந்திருந்தால் மட்டும் கவலைப்படலாம், நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு விட்டிருக்கிறது.

டப்பாவில் ‘வாட்டர்’ என்று ஏதாவது எழுதியிருந்தாலே கடலில் முக்கலாம் என்று நம்புவதும் பரவலான தவறு. நீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் குறியீட்டைப் பாருங்கள்: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், அதுவும் நல்ல தண்ணீரில் சோதித்த கணக்கு. அப்படிப்பட்ட கருவியில் கடல்நீர் பட்டால், வீட்டுக்கு வந்ததும் குடிநீரில் மெதுவாக அலசலாம். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைக் கறை நிற்கும். அடைப்பு இல்லாத சாதாரண வகையை அலசவே கூடாது. பிழிந்த ஈரத்துணியால் உடம்பை மட்டும் துடையுங்கள்.

தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரியிலோ கடலில் சூரியன் எழுவதை இதில் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது, ஒரு நொடிகூட. கிழக்குப் பார்த்த ஜன்னலில் மூடியில்லாமல் வைப்பதும் வேண்டாம். குவிந்த வெயில் உள்பாகங்களையே கருக்கிவிடும்.

மாதம் ஒருமுறை இருட்டறையில் போன் டார்ச்சைக் கண் பக்கமாகப் பிடித்து, முன் லென்ஸ் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். டார்ச்சை நேராகப் பார்க்க வேண்டாம், ஓரமாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி, அதை விட்டுவிடலாம். கிளை பிரிந்த இழையாக இருந்தால் பூஞ்சை. வெளிப்பக்கம் என்றால் மேலே சொன்னபடி துடைத்து எடுக்கலாம், உறையையும் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். உள்பக்கம் என்றால் திருகாணியைக் கழற்றும் ஆசையை அடக்குங்கள். உள்ளே ஈரம் படியாமலிருக்க நைட்ரஜன் நிரப்பிய கருவி என்றால் திறந்ததும் வாயு போய்விடும், ப்ரிசத்தைப் பழைய கோணத்தில் உட்காரவைப்பதும் வீட்டு மேசையில் ஆகிற காரியமில்லை. விலை குறைந்த கருவியென்றால் பழுது பார்க்கும் செலவில் புதிதே வாங்கிவிடலாம். விலை கூடியது என்றால் ரசீதைத் தேடி எடுத்து, அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கே அனுப்புங்கள்.