பிரிண்ட் வர நேரமாகிறதா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

சாயங்காலம் 6 மணி. கம்பெனி வாசலில் தூத்துக்குடி போக வேண்டிய கன்டெய்னர் லாரி நிற்கிறது. டாக்குமென்டேஷன் பார்க்கும் அக்கா பேக்கிங் லிஸ்டுக்கு பிரிண்ட் கொடுத்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டது; ஒரு தாள்கூட வரவில்லை. "ஏனுங் தம்பி, இன்னொருக்கா குடுத்துப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி அமுக்கிவிட்டார். திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியானால் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இதற்காகத்தான்.

மறுபடி அமுக்குவதுதான் முதல் தவறு. நாம் கொடுக்கும் பிரிண்ட் நேராக மெஷினுக்குப் போவதில்லை. கம்ப்யூட்டரில் ஸ்பூலர் என்ற ஒன்று அதை வாங்கி வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாக அனுப்புகிறது. முன்னால் நிற்பது சிக்கினால் பின்னால் நிற்பவை அத்தனையும் சிக்கும். ஐந்து முறை அமுக்கினால் ஐந்து பேக்கிங் லிஸ்ட் வரிசையில் சேரும், அவ்வளவுதான். பாதியில் மெஷினை ஆஃப் செய்து போட்டால் இன்னும் மோசம். சில சமயம் தாள் தாளாகக் கிறுக்கல் எழுத்து வரும்.

வரிசையைத் திறந்து, சிக்கி நிற்பதை மட்டும் அழியுங்கள். அழியாமல் அடம் பிடித்தால் விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அங்கே இருக்கும் ஃபைல்களை அழித்துவிட்டு ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள். பிரிண்டர் ஒருவருடைய கம்ப்யூட்டர் வழியாக எல்லோருக்கும் ஷேர் ஆகியிருந்தால், இதை அந்தக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். மற்றவர்கள் கொடுத்ததும் சேர்ந்து போய்விடும் என்பதால் ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்த தவறு, எங்கே தாமதம் என்று பார்க்காமலே மெஷின்மேல் பழி போடுவது. ஒரு நிறுவனத்தில் புது பிரிண்டரே வாங்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். புதுசும் அதே மாதிரிதான் ஊர்ந்தது. முதலில் பிரிண்டரின் சொந்த மெனுவிலிருந்து அதன் செட்டிங் பக்கத்தை எடுங்கள். அது சட்டென்று வந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. பிறகு நோட்பேடில் ஒரு வரி அடித்துக் கொடுங்கள். அதுவே தாமதமானால் கோளாறு வழியில்: கேபிள், வைஃபை, போர்ட் (கம்ப்யூட்டர் பிரிண்டரை அடையும் இணைப்பு அமைப்பு). ஒரு வரி உடனே வந்து பிடிஎஃப் மட்டும் இழுத்தால், கோளாறு ஃபைலிலோ, பிரிண்டரோடு கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் டிரைவர் மென்பொருளிலோ.

வழியில் வரும் கோளாறுக்கு நம் பக்கம் ஒரு தனிக் காரணம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் போய் வந்ததும் ரவுட்டர் புதிதாக எழுந்து, பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் முகவரியை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். அப்புறம் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் பக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி (பிரிண்டரைத் தானாகத் தேடிப் பிடிக்கும் முறை) போர்ட்டில் இருக்கும். சேர்ப்பதற்கு அது சுலபம், ஆனால் ஆபீஸ் வேலைக்கு நான் அதை நம்புவதில்லை. ஐபி முகவரிக்கே நேராக அனுப்பும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டாக மாற்றியதுமே பல இடங்களில் தாமதம் போயிருக்கிறது. பிரிண்டர் ஆனில் இருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், அதே போர்ட் அமைப்பில், பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

ஃபைல் பக்கத்துத் தவறு கண்ணுக்கே தெரியாது. எப்போதோ தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது என்று யாராவது 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் போட்டிருப்பார்கள். அன்றைக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் டிக் அப்படியே இருந்துவிட்டால், அதன்பின் வரும் பக்கமெல்லாம் படமாகப் போகும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு ஏ4 பக்கம் என்றால் சுமார் 3.5 கோடி புள்ளி. கலரில், சுருக்காமல் பார்த்தால் 100 எம்பி அளவு. பையர் அனுப்பும் இருபது பக்க டெக் பேக்கை (ஆடையின் அளவும் வடிவமும் சொல்லும் ஃபைல்) இப்படி வைஃபையில் தள்ளினால் நேரம் ஆகாமல் என்ன செய்யும்? டிக்கை எடுங்கள். டிரைவரும் அந்த மாடலுக்கென்று வந்ததாக இருக்கட்டும். ஆபீஸ் தாள்களுக்குப் பெரும்பாலும் பிசிஎல் 6 வகை டிரைவர் போதும்.

தாள் மெதுவாக நகர்ந்து வருகிறது என்றால் பேப்பர் வகையைப் பாருங்கள். ஹேங் டேக் (ஆடையில் தொங்கவிடும் அட்டை) மாதிரி எடுக்க யாரோ அட்டை வைத்து 'திக்' என்று மாற்றியிருப்பார்கள். அட்டையில் டோனர் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று லேசர் பிரிண்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் 'ப்ளெயின்' என்று திருப்பி வைக்காவிட்டால் சாதாரணத் தாளுக்கும் அதே நடைதான்.

அன்றைக்கு அந்த அக்காவின் பேக்கிங் லிஸ்ட் சிக்கியது இதில் எதனாலும் இல்லை. பிரிண்டர் மேனேஜரின் கம்ப்யூட்டர் வழியாக ஷேர் ஆகியிருந்தது. அவர் கட்டிங் செக்‌ஷனுக்குப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் போய்விட்டது. மவுஸை அசைத்ததும் தாள் வர ஆரம்பித்தது. ஸ்லீப்பை 'நெவர்' என்று வைத்துவிட்டு, மறுநாளே பிரிண்டரிலிருந்து சுவிட்சுக்கு நேராக ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்தேன்.