மாற்றுத்திறனாளிகளுக்கான வாடகை வண்டி வசதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ மாற்றுத்திறனாளிகளுக்கு ஆட்டோ, டாக்ஸி வசதியை மேம்படுத்துவது குறித்துப் பேச்செடுத்தால், சாய்தளம் பொருத்திய வேன் ஒன்றிரண்டு வாங்கி ஓடவிட்டால் போதும் என்ற முடிவுக்கே பெரும்பாலும் வந்து சேர்கிறார்கள். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மின் சக்கர நாற்காலியில் செல்பவருக்கு அத்தகைய வேனைத் தவிர வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, பார்க்கின்சன் நோய் எல்லாம் அடங்கும். இவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவதும் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்கி வீடு திரும்புவதும் தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் சாதாரண ஆட்டோவில்தான். அந்த ஆட்டோவையும் அதை ஓட்டுபவரையும் கணக்கில் சேர்க்காத திட்டம் எதுவும் மிகச் சிலருக்கே பயன்படும்.

வண்டியைப் பதிவு செய்யும்போதே அடுத்த தவறு நேர்கிறது. மடக்கும் சக்கர நாற்காலியுடன் செல்பவர் செயலியில் கார் கேட்கிறார். கார் வந்து நின்று டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை எரிவாயு உருளை அடைத்துக்கொண்டிருக்கிறது. சி.என்.ஜி. கார்கள் பெருகிவிட்ட இந்நாளில் இது பலரும் அறிந்த தொல்லை. ஓட்டுநர் சவாரியை ரத்து செய்கிறார். பயணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. டிக்கி காலியாக உள்ளதா, மேலே கேரியர் உள்ளதா என்பதை வண்டியின் விவரத்தோடு குறித்து வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தொலைபேசியில் வண்டி பிடித்துத் தரும் சிறு டிராவல்ஸ்காரர்கள்கூட இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். பயணியின் தரப்பிலும் ஒரு தவறு உண்டு: ஓட்டுநர் வர மறுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் நாற்காலி இருப்பதைச் சொல்லாமல் விடுவது. அந்த அச்சம் நியாயமானதே; ஆனாலும் சொல்லாமல் விட்டால் பொருந்தாத வண்டி வாசலுக்கு வருவதுதான் மிச்சம்.

ஏற்றி இறக்குவதில் நடக்கும் தவறுகள் நல்லெண்ணத்தால் விளைபவை என்பதால் அவற்றைச் சுட்டிக்காட்டவே பலர் தயங்குகிறார்கள். நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது அவற்றுள் மிக மோசமானது. தோள்மூட்டு விலகும் அபாயம் அதில் உண்டு. எப்படி உதவ வேண்டும் என்று அவரிடமே கேட்பதுதான் முறை. நாற்காலியை வண்டியின் இருக்கைக்குச் சற்றுச் சாய்வாக நெருக்கி நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, கால்மிதியை மடக்கிவிட்டால், கைவலு உள்ள பலர் தாமாகவே மாறி உட்கார்ந்துவிடுவார்கள். நாற்காலியை மடக்கும்போது இருக்கைத் துணியின் நடுவில் பிடித்து மேலே இழுக்க வேண்டும். கைப்பிடியைப் பற்றித் தூக்கினால், கழலக்கூடிய கைப்பிடி கையோடு வந்துவிடும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பதும் அவருடைய கைத்தடியைப் பற்றுவதும் கூடாது. நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள, நாம் அரை அடி முன்னால் நடக்க வேண்டும். ஆட்டோவின் மேற்கம்பி எங்கே இருக்கிறது என்று அவர் கையை வைத்துக் காட்டிவிட்டால் தலையில் இடிபடாது.

காது கேளாதவருக்கு ஓட்டுநர் திரும்பத் திரும்பப் போன் செய்துவிட்டு, எடுக்கவில்லை என்று சவாரியை ரத்து செய்வது இன்னொரு வகை. ஒரு குறுஞ்செய்தி போதும்.

சாய்தள வேன் வாங்குவோரும் தவறுக்கு விலக்கல்ல. கட்டடங்களில் சாய்தளத்திற்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொது விதி. வண்டியில் அவ்வளவு நீளம் சாத்தியமில்லை என்பதற்காக மூன்றடிப் பலகையைச் சாய்த்துவைத்தால், பின்னாலிருந்து தள்ளுபவரும் சேர்ந்து சறுக்குவார். தரைமட்டம் தாழ்ந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது அல்லது மின்தூக்கி பொருத்துவதுதான் சரியான வழி. அதைவிடக் கவலைக்குரியது, நாற்காலியைத் தரையோடு நான்கு முனைகளிலும் பட்டையால் பிணைக்கும் அமைப்பு இல்லாமலேயே வேனை ஓட்டுவது. பிரேக் பிடித்த உடனே நாற்காலி முன்னால் பாயும். நாற்காலிக்குப் பட்டை ஒன்று, அமர்ந்திருப்பவருக்குச் சீட் பெல்ட் இன்னொன்று. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. இடம் போதவில்லை என்று நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துவதும் ஆபத்து.

இறங்குமிடத்தை யோசிக்காமல் புறப்படுவதையும் இங்கே சேர்க்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதியில்லை. குறுக்குத் தெருவில்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்தால் நடைபாதை ஏற்றம் குறைந்த முனையை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மாநில எல்லை குறுக்கிடுவதால், எல்லை தாண்டும் பெர்மிட் உள்ள வண்டிதானா என்று கேட்டு உறுதி செய்யாமல் நோயாளியை ஏற்றிவிட்டு எல்லையிலுள்ள முள்ளோடையில் நின்று தவிப்பது யாருக்கும் நல்லதல்ல. வழக்கமான பரிசோதனைக்குப் போக 108 ஆம்புலன்சை அழைப்பது இதற்கு மாற்று ஆகாது; அது அவசரத்திற்கு உரியது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இங்கே மீட்டரைப் பார்த்து ஏறுவதைவிடப் பேசி ஏறுவதே வழக்கம் என்பதால், நாற்காலியைச் சுமையாகக் கணக்கிட்டுக் கூடுதல் கேட்கிறார்கள். ஏறி இறங்க ஆகும் நேரத்திற்குக் காத்திருப்புக் கட்டணம் வசூலிப்பதும் அதே அநீதியின் இன்னொரு உருவம். ஓட்டுநருக்கு அந்த நிமிடங்கள் வருமான இழப்புதான். அதை ஈடுசெய்ய வேண்டியது பயணி அல்ல. 2016 சட்டத்தின் 41ஆம் பிரிவு, குறைந்த செலவில் தனிநபர் பயணத்திற்கு ஊக்கத்தொகை, சலுகை, வண்டிகளை மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்கான திட்டங்களை வகுக்கும் கடமையை அரசுக்கே தருகிறது. அது பேருந்துக்கும் ரயிலுக்கும் மட்டுமே உரிய சட்டம் என்று நினைத்து, இந்தக் கோரிக்கையை அதிகாரிகளிடம் எழுப்பாமலே விட்டுவிடுகிறோம்.

சவாரி மறுக்கப்பட்டால் அங்கேயே வாய்ச்சண்டையோடு முடித்துக்கொள்வதும் தவறே. வண்டி எண், நேரம், இடம், மறுத்ததற்குச் சொன்ன காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கடலூரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் புதுச்சேரியில் போக்குவரத்துத் துறையிலும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். அதன் நகலைக் கடலூரில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கும் புதுச்சேரியில் சமூக நலத்துறைக்கும் அனுப்பலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவில், விதியை மீறிச் சவாரி மறுக்கும் காருக்கு 500 ரூபாய் வரையும் ஆட்டோவுக்கு வெறும் 50 ரூபாய் வரையும்தான் அபராதம். இவ்வளவு சிறிய தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. ஆயினும் ஒரே ஸ்டாண்டைப் பற்றி எழுத்தில் புகார்கள் சேர்ந்தால், பெர்மிட் புதுப்பிக்கும் அதிகாரி அதைக் கேட்டே ஆக வேண்டியிருக்கும்.